அகதிச் சிறுமியரும் சர்வதேசச் சட்டமும்

போர், இனக் கலவரம், வறுமை, வேலையின்மை ஆகிய காரணங்களால் எல்லை கடந்து வரும் குடும்பம் ஒன்றைப் பதிவேட்டில் எழுதும்போது, முதல் வரியில் பெரும்பாலும் தந்தையின் பெயர் இடம்பெறும். மனைவியும் மக்களும் அவரைச் சார்ந்தோராக அடுத்த வரிகளில் குறிக்கப்படுவர். அப்பட்டியலின் கடைசி வரியில் இருக்கும் சிறுமி சட்டத்தின் பார்வையில் யார்? குடியேற்றச் சட்டம் அவளை அயல்நாட்டவர் என்கிறது. குழந்தைகள் நலச் சட்டம் அவளைக் குழந்தை என்கிறது. இரண்டும் உண்மையே. ஆயினும், அவளது பிறப்பைப் பதியும்போதும், பள்ளியில் இடம் கோரும்போதும், காவல் நிலையத்தில் அவள் நிற்க நேரும்போதும், இவ்விரண்டில் எதனை அதிகாரி முதலில் காண்கிறார் என்பதைப் பொறுத்தே அவளது எதிர்காலம் அமைகிறது.

2024ஆம் ஆண்டு இறுதியில் உலகெங்கும் வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டோரின் தொகை 12 கோடியைத் தாண்டியது என ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் கணக்கிட்டது. தம் நாட்டின் எல்லைக்குள்ளேயே இடம்பெயர்ந்தோரும் இத்தொகையில் அடங்குவர். உலக மக்கள் தொகையில் 18 வயதுக்கு உட்பட்டோர் நூற்றுக்கு 30 பேருக்கும் குறைவே. இடம்பெயர்ந்தோரிடையே இவர்கள் நூற்றுக்கு 40 பேர். இவர்களுள் பெண் குழந்தைகளின் நிலையைச் சர்வதேசச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது, அச்சட்டம் இந்தியாவில் எந்த அளவு பயன்படுகிறது என்பவை ஆராயத்தக்கவை.

1951ஆம் ஆண்டு உடன்படிக்கை

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச் சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம், மனிதப் பிறவிகள் அனைவரும் சமம் என்ற கூற்றுடன் தொடங்குகிறது. ‘ஆண்கள் அனைவரும்’ என்றும் பொருள்படக்கூடிய முதல் வரைவின் சொல்லை மாற்றி, ‘மனிதப் பிறவிகள்’ என்ற சொல்லை இடம்பெறச் செய்த பெருமை இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவைச் சாரும். கொடுமைக்கு அஞ்சி அயல்நாட்டில் புகலிடம் தேடும் உரிமையையும் இப்பிரகடனத்தின் 14ஆவது ஷரத்து கூறுகிறது.

இதனைச் செயல்படுத்த எழுந்ததே 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களில் ஒன்றினால் கொடுமைக்கு உள்ளாகலாம் எனத் தக்க அச்சம் கொண்டு நாட்டைவிட்டு வெளியே இருப்பவரே அகதி என இது வரையறுக்கிறது. பால் வேறுபாடு இக்காரணங்களில் ஒன்றாக இல்லை. பாரபட்சத்தை விலக்கும் 3ஆவது ஷரத்தும் இனம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றை மட்டுமே குறிப்பிடுகிறது. உடன்படிக்கையுடன் இணைந்த மாநாட்டின் இறுதி ஆவணத்தில் மட்டுமே, துணையின்றி வரும் குழந்தைகளும் சிறுமியரும் தனிப் பாதுகாப்புக்குரியோர் என்ற பரிந்துரை உள்ளது. பரிந்துரைக்குச் சட்டத்தின் வலிமை இல்லை. அரசியல் காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படும் வயது வந்த ஆணையே இவ்வுடன்படிக்கை பெரிதும் மனத்திற்கொண்டது எனலாம்.

எனினும் சிறுமியருக்கும் பயன்படும் இரு முக்கிய விதிகள் இதில் உள்ளன. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு எந்த அகதியையும் திருப்பி அனுப்பலாகாது என்பது 33ஆவது ஷரத்து. தொடக்கக் கல்வியில் அகதிகளைச் சொந்தக் குடிமக்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பது 22ஆவது ஷரத்து.

ஒவ்வொரு குழந்தைக்கும்

1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தவிர ஏனைய அனைத்தும் இதில் இணைந்துள்ளன. இதன் 2ஆவது ஷரத்து, ஓர் அரசின் அதிகார எல்லைக்குள் இருக்கும் ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ உடன்படிக்கையின் உரிமைகளை உறுதி செய்யுமாறு பணிக்கிறது. இங்கே குடியுரிமை ஒரு தகுதியாகக் கேட்கப்படவில்லை. குழந்தையின் பாலோ, பெற்றோரின் நிலையோ, வந்த வழியோ இவ்வுரிமைகளைக் குறைப்பதற்குக் காரணமாகா. 22ஆவது ஷரத்து அகதிக் குழந்தையைத் தனியே குறிப்பிட்டு, அகதி நிலை கோரி முடிவுக்காகக் காத்திருக்கும் குழந்தைக்கும் அதே பாதுகாப்பை விரிக்கிறது.

ஆகவே, அகதிகள் உடன்படிக்கையின்படி ஒரு சிறுமி முதலில் தன்னை அகதி என மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின்படி அவள் 18 வயதுக்கு உட்பட்டவள் என்பதே போதுமானது. 1979ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் உடன்படிக்கை இதற்குத் துணை நிற்கிறது. அகதிப் பெண்களுக்கும் நாடற்ற பெண்களுக்கும் இது பொருந்தும் வகையை, அதன் கண்காணிப்புக் குழு 2014இல் வெளியிட்ட 32ஆவது பொதுப் பரிந்துரையில் விளக்கியுள்ளது. பிழைப்புத் தேடி வந்தோரின் மக்களைப் பொறுத்தவரை, 1990இல் உருவாகி 2003 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கையும் உண்டு. ஆனால் தொழிலாளரை வரவேற்கும் செல்வ நாடுகள் பலவும் இதில் சேரவில்லை.

பிறப்புப் பதிவும் குடியுரிமையும்

குழந்தை என்ற தகுதிக்கு வயதே அடிப்படை. வயதுக்குச் சான்று பிறப்புப் பதிவு. பிறந்த உடனே குழந்தை பதியப்பட வேண்டும், அதற்குப் பெயரும் குடியுரிமையும் கிடைக்க வேண்டும் என 7ஆவது ஷரத்து கூறுகிறது. குழந்தை நாடற்றதாகும் ஆபத்து உள்ள இடத்தில் இக்கடமை மேலும் அழுத்தமாக வற்புறுத்தப்படுகிறது.

இதில் பெண்ணுக்கு நேரும் தனி இடர் ஒன்றுண்டு. தந்தையைப் போலவே தாயும் தன் குடியுரிமையைக் குழந்தைக்கு வழங்கலாம் என்பதை ஏற்காத நாடுகள் இன்றும் இருபதுக்கு மேற்பட்டவை. சிரியா அவற்றுள் ஒன்று. 2011இல் அங்கு மூண்ட போரினால் லெபனானுக்கும் ஜோர்டானுக்கும் சென்ற குடும்பங்களில் கணவர் இறந்தோ காணாமற்போயோ தாய் மட்டும் தலைமை தாங்கும் குடும்பங்கள் பல. அத்தகைய தாய்க்கு அயல்நாட்டில் பிறந்த குழந்தையின் தந்தை யார் என்பதைத் திருமணச் சான்றின்றி மெய்ப்பிக்க இயலாவிடில், அக்குழந்தை நாடற்றதாகும் அபாயம் உள்ளது. 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 9ஆவது ஷரத்து, குழந்தையின் குடியுரிமையைப் பொறுத்துத் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை கோருகிறது. இந்தியாவும் 1992இல்தான், வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்குமாறு தன் சட்டத்தைத் திருத்தியது.

கல்வி

தொடக்கக் கல்வி கட்டாயமாகவும் இலவசமாகவும் அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்பது குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28ஆவது ஷரத்து. பெற்றோர் அனுமதியின்றித் தங்கியிருப்பதைக் காரணம் காட்டிக் குழந்தைக்குப் பள்ளியை மறுக்கலாகாது எனப் புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கையின் 30ஆவது ஷரத்து தெளிவுபடுத்துகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் டெக்சாஸ் மாநிலச் சட்டம் ஒன்றைச் செல்லாது என அறிவித்தபோது இதே கருத்தையே வேறு வழியில் எட்டியது. தம் செயலால் நேராத ஒன்றுக்காகக் குழந்தைகளைத் தண்டித்தல் தகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சட்டம் கதவைத் திறந்தாலும் சிறுமி பள்ளியை அடைவதில் தடைகள் பல. முகாமிலிருந்து பள்ளிக்குள்ள தொலைவு, கழிவறை இன்மை, தண்ணீரும் விறகும் சேகரிக்கும் வேலை, தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பு, புதிய மொழி ஆகியவை அவளை வீட்டில் நிறுத்துகின்றன. பள்ளியிலோ மருத்துவமனையிலோ தரும் விவரங்கள் குடியேற்ற அதிகாரிகளைச் சென்றடையும் என்ற அச்சமும் பெற்றோரைத் தடுக்கிறது. இவ்விரு பணிகளுக்கும் இடையே தகவல் செல்லாதவாறு தெளிவான தடுப்பு இருத்தல் வேண்டும் எனக் குழந்தை உரிமைக் குழுவும் புலம்பெயர் தொழிலாளர் குழுவும் 2017இல் கூட்டாக வலியுறுத்தின.

இளவயதுத் திருமணமும் ஆள் கடத்தலும்

பள்ளியை விட்டு நின்ற சிறுமிக்கு அடுத்து வருவது பெரும்பாலும் திருமணப் பேச்சு. முகாம் வாழ்வில் மகளின் பாதுகாப்பு குறித்த கவலையும், உணவுப் பங்கீட்டில் ஒரு வாய் குறையும் என்ற எண்ணமும் பெற்றோரை இதற்குத் தூண்டுகின்றன. குழந்தைத் திருமணத்துக்குச் சட்ட விளைவு எதுவும் இல்லை என்பது 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 16ஆவது ஷரத்து. இத்தகைய திருமணம் பதியப்படுவதில்லை. ஆகவே அதில் பிறக்கும் குழந்தையின் பதிவும் சிக்கலாகிறது. தாயின் இழப்பு இவ்வாறு மகளையும் தொடர்கிறது.

2000ஆம் ஆண்டின் ஆள் கடத்தல் தடுப்பு நெறிமுறை மற்றொரு காப்பு. சுரண்டும் நோக்குடன் 18 வயதுக்கு உட்பட்டவரைச் சேர்த்தலும் கொண்டுசெல்லுதலும், அவர் ‘சம்மதித்தார்’ என்று கூறப்பட்டாலும், ஆள் கடத்தலே. இந்தியா 2011இல் இந்நெறிமுறையை ஏற்புறுதி செய்தது. ஆனால் மீட்கப்பட்டவள் 17 வயதினளா, 19 வயதினளா என்ற வினாவுக்கு விடையின்றி இவ்விதி பயன்படாது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவின்படி, வயதை நிர்ணயிக்கப் பள்ளிச் சான்றும், அஃதில்லையேல் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றும் ஏற்கப்படும். இரண்டும் இல்லாதபோதே எலும்பு வளர்ச்சிச் சோதனை உள்ளிட்ட மருத்துவச் சோதனை. அச்சோதனை வயதைத் தோராயமாக மட்டுமே காட்டும். பிறந்தபோது எழுதப்படாத ஒரு வரி, பதினேழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெண்ணின் பாதுகாப்பைத் தீர்மானிப்பது இவ்வாறுதான்.

அவளுக்கெனத் தனி அச்சம்

சில வேளைகளில் குடும்பத்தின் அச்சம் வேறு, சிறுமியின் அச்சம் வேறு. கட்டாயத் திருமணத்துக்கோ பிறப்புறுப்புச் சிதைப்புக்கோ அஞ்சி ஓடிவந்தவளின் கோரிக்கை 1951ஆம் ஆண்டு வரையறையில் எங்கே பொருந்தும்? சமூக வழக்கை மீறியதற்காகக் கொடுமைக்கு உள்ளாகும் பெண்களைக் ‘குறிப்பிட்ட சமூகப் பிரிவு’ எனக் கொள்ள நாடுகளுக்கு உரிமை உண்டு என அகதிகள் உயர் ஆணையரின் செயற்குழு 1985இல் முடிவு செய்தது. பிறப்புறுப்புச் சிதைப்புக்கு அஞ்சி டோகோவிலிருந்து தப்பி வந்த இளம்பெண்ணுக்கு அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1996இல் புகலிடம் அளித்தது. சியரா லியோன் பெண் ஒருவரின் இதே போன்ற கோரிக்கையைப் பிரிட்டனின் பிரபுக்கள் சபை 2006இல் ஏற்றது. ஆப்கானியப் பெண்களுக்கு எதிரான தடைகள் ஒன்றுசேர்ந்து கொடுமை என்ற நிலையை எட்டுவதால், அந்நாட்டவர், பெண் என்ற இரண்டையும் கருதியே புகலிடம் அளிக்கலாம் என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று தீர்ப்பளித்தது.

இத்தகைய அச்சம் தந்தையின் முன்னிலையில் வெளிவராது. எனவேதான் பெண் அதிகாரி, பெண் மொழிபெயர்ப்பாளர் ஆகியோரைக் கொண்டு தனியே விசாரிக்க வேண்டும் என 2002ஆம் ஆண்டின் உயர் ஆணையர் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. தன்னைப் பாதிக்கும் பொருளில் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம் என்ற 12ஆவது ஷரத்தின் நடைமுறை வடிவமே இது. தடுப்புக் காவலைப் பொறுத்தவரை, அது கடைசி வழியாகவும் மிகக் குறுகிய காலத்துக்கும் மட்டுமே இருக்கலாம் என்கிறது 37ஆவது ஷரத்து. குடியேற்றக் காரணத்துக்காகக் குழந்தையைக் காவலில் வைப்பது ஒருபோதும் அதன் நலனுக்கு உகந்ததன்று என 2017ஆம் ஆண்டின் கூட்டுக் கருத்துரைகள் ஒரு படி மேலே சென்றன.

இந்தியாவின் நிலை

1951ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இந்தியாவில் இல்லை. ஆனால் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992இலும், பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் உடன்படிக்கையை 1993இலும் இந்தியா ஏற்றது. உள்நாட்டுச் சட்டத்தில் இடைவெளி உள்ளபோது, அதனுடன் முரண்படாத சர்வதேச உடன்படிக்கையைத் துணையாகக் கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் 1997இல் விசாகா வழக்கில் வகுத்த நெறி இங்குப் பயன்படும்.

அரசியலமைப்பின் 14, 21 ஆகிய ஷரத்துகள் குடிமக்கள் என்று கூறாமல் ‘எவரும்’ என்ற பொருள்பட அமைந்தவை. 1964ஆம் ஆண்டு முதல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து, அருணாசலப் பிரதேசத்தில் குடியமர்த்தப்பட்ட சக்மா மக்களின் வழக்கில், குடிமக்கள் ஆயினும் அல்லாராயினும் ஒவ்வொருவரின் உயிரையும் காப்பது அரசின் கடமை என உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. இதற்கு எல்லையும் உண்டு. இந்தியாவில் வசிக்கும் உரிமை குடிமக்களுக்கே உரியது. நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை அதனைச் சார்ந்தது என 2021இல் ரோஹிங்கியா அகதிகள் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது.

குழந்தைகளைப் பொறுத்தவரை பொதுச் சட்டங்களே பலவற்றைத் தருகின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ பொருந்தும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கலாகாது என்கிறது அதன் 14ஆவது பிரிவு. படிப்பு விட்டுப்போன குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க 4ஆவது பிரிவு வகை செய்கிறது. ரோஹிங்கியாக் குழந்தைகள் சேர்க்கைக்காகப் பள்ளிகளை அணுகலாம், மறுக்கப்படின் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் கூறியது.

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமும் இந்திய மண்ணில் நிகழும் பிறப்புகளைப் பெற்றோரின் குடியுரிமை பார்த்துப் பிரிப்பதில்லை. 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணை தேவை. முகாமில் வாழும் தாய்க்கு அது எளிதன்று. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்நாளிலிருந்து பிறப்போருக்குப் பள்ளிச் சேர்க்கை முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரமாகும். ஆதலால் பதியப்படாத குழந்தையின் இழப்பு முன்னிலும் பெரிது.

சான்றிதழ் வழங்கினால் அயல்நாட்டவருக்குக் குடியுரிமை அளித்ததாகிவிடுமோ என்ற ஐயம் அலுவலகங்களில் எழுவதுண்டு. இது தவறான ஐயம். பிறப்புச் சான்றிதழ், இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னாருக்கு ஒரு குழந்தை பிறந்தது என்ற உண்மையை மட்டுமே சான்றுரைக்கிறது. குடியுரிமையை நிர்ணயிப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். அதன் 3ஆவது பிரிவின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்தியாவில் பிறந்தோர், ஒருசில விலக்குகள் நீங்கலாக, பிறப்பால் குடிமக்கள். அதன் பின்னர் பிறந்தோருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் நிபந்தனை மேலும் கடுமையானது. ஒரே அகதி முகாமில், ஒரே பெற்றோருக்கு 1986இல் பிறந்த அக்காள் இந்தியக் குடிமகளாகவும், 1989இல் பிறந்த தங்கை அயல்நாட்டவராகவும் இருக்கக்கூடும்.

இலங்கைத் தமிழர் குடும்பங்கள் 1983ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் முகாம்களில் வாழ்ந்து வருகின்றன. 1987 ஜூலைக்கு முன் அத்தகைய முகாமில் பிறந்த பெண் ஒருவர் இந்தியக் கடவுச்சீட்டு பெறத் தகுதியுடையவர் எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் தீர்ப்பளித்தது. பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் சான்றே அவரது கோரிக்கைக்கு அடித்தளம். பின்னர் பிறந்து, இலங்கைக்குத் திரும்ப விரும்பும் பெண்ணுக்கும் அச்சான்றே தேவைப்படுகிறது. வெளிநாட்டில் பிறந்தவர் இலங்கைக் குடியுரிமை பெற, அப்பிறப்பை இலங்கை அதிகாரிகளிடம் பதிய வேண்டும். அதற்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் ஆதாரமாகும். இங்குத் தங்குவதானாலும் அங்குத் திரும்புவதானாலும் இத்தாள் இன்றியமையாதது.

அதிகாரியின் மேசையில்

உடன்படிக்கைகள் ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் உருவாகின்றன. அவை நிறைவேறுவதோ பிறப்புப் பதிவாளர், தலைமையாசிரியர், குழந்தைகள் நலக் குழு, காவல் நிலைய அதிகாரி ஆகியோரின் மேசைகளில். பெற்றோரிடம் கேட்கும் முதல் ஆவணம் இல்லையெனினும் மருத்துவமனைப் பதிவைக் கொண்டு பிறப்பைப் பதிதல், சான்று பின்னர் வரட்டும் என்று சிறுமியைப் பள்ளியில் அமர்த்துதல், வயதில் ஐயம் எழுமாயின் அவளுக்குச் சாதகமாகக் கொள்ளுதல், அவளைத் தனியே அழைத்துப் பேசுதல் ஆகியவற்றுக்குப் புதிய சட்டம் ஏதும் தேவையில்லை; பெரும் செலவும் இல்லை.

ஒரு குடும்பம் நாட்டில் தங்கலாமா, திரும்ப வேண்டுமா என்ற வினா அரசுகள் முடிவு செய்யவேண்டியது. அதற்கு ஆண்டுகள் ஆகலாம். சிறுமியின் ஆறாவது வயது அம்முடிவுக்காகக் காத்திருப்பதில்லை. தங்கும் காலம் ஒரு மாதமாயினும் இருபது ஆண்டுகளாயினும் அவளைக் குழந்தையாக நடத்த வேண்டும் என்பதே சர்வதேசச் சட்டம் விதிக்கும் கடமையாகும்.